யாரும் வரையாத இடம்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்கிற பயம் சம்பூரணத்தை இன்றைக்கும் விடவில்லை. யார் வந்து கேட்டாலும் முதலில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள், அடுப்பை அணைத்தோமா என்று உள்ளே எட்டிப் பார்ப்பாள், அணைத்துத்தான் இருக்கும், ஆனாலும் பார்ப்பாள், பிறகு வந்து உட்கார்ந்து, "நான் அஞ்சாவது தாண்டாதவளுங்க. எதையாச்சும் முன்னுக்குப் பின்ன சொல்லிப்போட்டேன்னா நீங்க போயி அதையே பத்துப் பேருகிட்டச் சொல்லுவீங்க, அப்பறம் அதுதான் நெசம்னு ஆயிப்போகும்" என்பாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள். நடந்தது ஊரே பார்த்த விஷயம்தான், ஆனால் பார்த்ததை ஊர் ஆளுக்கொரு மாதிரி சொல்கிறது; லாரி கிழக்கே பார்த்து நின்றது என்கிறார்கள் சிலர், மலைக்கோட்டையைப் பார்த்து நின்றது என்கிறார்கள் சிலர், இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டது என்றுகூடச் சொல்கிறார்கள், கும்பிட அதனால் முடியாது என்பது அவளுக்குத் தெரியும். அதனால் அவள் எப்போதும் முட்டையிலிருந்துதான் ஆரம்பிப்பாள். முட்டை விஷயத்தில் அவளுக்குச் சந்தேகம் கிடையாது.

அன்றைக்கு லாரி நிறைய முட்டை. பாலக்காட்டுக்குப் போகவேண்டிய லோடு. அட்டை மேல் அட்டையாக அடுக்கி, தார்ப்பாய் போர்த்தி, கயிறு இழுத்துக் கட்டி, நாமக்கல் லாரிப்பேட்டையில் வேப்பமரத்து நிழலில் வண்டி நின்றிருந்தது. சம்பூரணத்தின் வீட்டுக்காரர் பெரியண்ணன்தான் அதற்கு ஓனரும் டிரைவரும். பெரியண்ணன் என்று ஊர் கூப்பிடும், ரேஷன் கடைக்காரர் கூப்பிடுவார், நாமும் சொல்லிக்கொள்ளலாம், அவள் மட்டும் கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேரை வாய்திறந்து சொன்னதில்லை. அவள் தூக்குப்போசியில் கொண்டுவந்த இட்லியை அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தபோது, லாரி எழுந்து நின்றது.

இடுப்புப் பிடித்த மனுஷன் காலையில் பாயைவிட்டு எழுந்திருப்பானே, அப்படித்தான், முதலில் ஒரு முனகல், பிறகு முன்சக்கரத்தை ஊன்றி ஒரு சாய்வு, பிறகு மெல்ல மெல்ல, கேபின் மடிந்து நெஞ்சாக, கதவு இரண்டும் முதுகுப்பக்கம் போய்த் தோள்பட்டையாக, பின்சக்கரங்கள் கெண்டைக்காலாக, ஹெட்லைட்டுக்கு மேலே இத்தனை நாள் எங்கே இருந்ததென்றே தெரியாத ஒரு தலையும் வெளியே வர, வேப்பமரத்துக்கு மேலே தலை தெரிய அது நிமிர்ந்து நின்று, சோம்பல் முறித்தது. பின்னால் இருந்த பாடி, அதற்குள் இருந்த முட்டை, தார்ப்பாய், கயிறு எதுவும் இல்லை. கழன்று விழவில்லை, சரிந்து கொட்டவில்லை. இருந்தது, அப்புறம் இல்லை.

"அட, எந்திரிச்சிட்டானே" என்றார் லோடுமேன்களுக்கெல்லாம் மேஸ்திரியான அத்தப்பன். டீக்கடைக்காரர் வெயிலில் கிடந்த இன்னொரு பெஞ்சை இழுத்து அதன் நிழலில் போட்டார். பெரியண்ணன் கையில் பாதி இட்லியோடு, "ஏம்புள்ள, லோடு எங்க?" என்று அவளைக் கேட்டார், அவள்தான் எடுத்து ஒளித்துவைத்ததுபோல.

அந்த நேரம் பேட்டை வாசலில் ரேடியம் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிற கபிலன் கையில் பிளேடோடு ஓடிவந்தான். லாரிகளுக்குப் பேரும் பூவும் புலிமூஞ்சியும் வெட்டி ஒட்டுகிறவன், முப்பத்தைந்து வயசு, இன்னும் கார்ட்டூன் பார்க்கிறான் என்று அவனுக்குப் பெண் கொடுக்கத் தயங்குகிறார்கள். அவன் தலையைப் பார்க்கவில்லை, நெஞ்சைப் பார்க்கவில்லை, நேராகக் கையைப் பார்த்தான்.

"ரெண்டும் எடது கை!" என்று கத்தினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அக்கா, பாருங்க, ரெண்டும் எடது கைங்கக்கா! இது லோடு லிங்கமேதான்!"

லோடு லிங்கம் யாரென்று பேட்டைக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. புது வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்ட வந்தபோது கபிலன் பெரியண்ணனுக்கு ஒரு பொம்மை கொடுத்திருந்தான், உள்ளங்கை அளவு லாரி, மடக்கினால் லாரி, விரித்தால் மனுஷன். அவரும் அதை டேஷ்போர்டில் முருகனுக்கும் மாதா படத்துக்கும் நடுவே ஒட்டிவைத்து, சாமிக்கு வைக்கிற பூவில் ஒன்றை அதற்கும் வைத்துக்கொண்டிருந்தார். 'எஃகுக் கூட்டம்' என்கிற கார்ட்டூனில் வருகிறவனாம். கபிலன் பிறப்பதற்கு முன்னாலிருந்து ஓடுகிற தொடராம், இன்னும் முடியவில்லையாம். நல்லவன் பொம்மைக்கும் கெட்டவன் பொம்மைக்கும் அச்சு ஒன்றேதானாம், பெயிண்டு மட்டும் வேறாம். எல்லோருக்கும் குரல் கொடுக்க ஆள் பிடித்தவர்கள் லிங்கத்துக்கு மட்டும் மறந்துவிட்டதால் இத்தனை வருஷமாக அவன் ஒரு வார்த்தை பேசியதில்லையாம். இங்கே தமிழில் மாற்றியபோது யாரோ ஒரு மகராசன் அவனுக்கு லோடு லிங்கம் என்று பேர் வைத்தானாம். முதல்முதலாக அச்சு வார்த்தபோது வலது கைக்குப் பதிலாகவும் இடது கையையே வார்த்துவிட்டார்களாம், அதைப் பார்த்துப் படத்திலும் அப்படியே வரைந்துவிட்டார்களாம், தப்பு என்று தெரிந்தபிறகும் பிள்ளைகள் மாற்றவிடவில்லையாம். இதையெல்லாம் கபிலன் மூச்சுவிடாமல் சொல்ல, பேட்டை முழுக்க வாயைப் பிளந்து கேட்டது.

லிங்கம் சோம்பல் முறித்து, மலைக்கோட்டையை ஒரு பார்வை பார்த்து, திரும்ப முனகிக்கொண்டே உட்கார்ந்து லாரியானான். பாடி வந்துவிட்டது. தார்ப்பாயை அவிழ்த்துப் பார்த்தார்கள். ஒரு முட்டைகூட விரிசல் விடவில்லை. ஆனால் அட்டையில் அச்சடித்திருந்த கோழிப்பண்ணைப் பேர் மட்டும் எதிலும் இல்லை, வெறும் அட்டையாக இருந்தது.

அதற்கப்புறம் வாரத்துக்கு ஒருமுறை இரண்டுமுறை, அவனுக்குத் தோன்றினால், லிங்கம் எழுந்து நின்றான். ஊர் பழகிக்கொண்டது. கால் நீட்டி முடிக்கிறவரை லோடு ஏற்றக்கூடாது என்று லோடுமேன்கள் கூடிப் பேசி முடிவு செய்தார்கள், அசதி யாருக்கும் பொதுதானே என்றார் அத்தப்பன். வண்டி ஓடத் தகுதியானது என்று சான்று வாங்க எஃப்சிக்குக் கொண்டுபோனபோது பிரேக் இன்ஸ்பெக்டர் அதை மூன்று சுற்றுச் சுற்றிவந்து, "உக்காந்திருக்கும்போது லைட்டு எரியுதா, பிரேக் புடிக்குதா, அதுதான் எனக்கு வேணும். எந்திரிச்சு நிக்கிறது அவரோட சொந்த விசயம்" என்று கையெழுத்துப் போட்டார். தாழத் தொங்குகிறது என்று பேட்டைக்காரர்கள் காலங்காலமாக மனுக் கொடுத்துவந்த கரண்டுக் கம்பியை, லிங்கத்தின் தலை இடிக்குமே என்று லைன்மேன் தானாக வந்து உயர்த்திக் கட்டினார். நிற்க நாளாகிற குழந்தைகளைத் தாய்மார்கள் இடுப்பில் கொண்டுவந்தார்கள். இத்தனை பெரிய உருப்படி இத்தனை முனகி முக்கி எழுந்திருப்பதைப் பார்த்த குழந்தைகள், இதற்கே இவ்வளவு சிரமம் என்றால் நமக்கென்ன என்பதுபோல, தரையில் கையை ஊன்றி எழுந்து நின்றன. பாலக்காட்டு வியாபாரிகள் 'நின்ன முட்டை' என்று கேட்டு வாங்கினார்கள், அதில் ஆம்லெட் போட்டால் தனி ருசி என்றார்கள்.

லோடோடு போய்வந்த எதுவும் உடையவில்லை, கெடவில்லை, நசுங்கவில்லை. பேரும் எழுத்தும்தான் நிற்கவில்லை. ஒரு கல்யாணச் சீர் போனது, அண்டா குண்டா எல்லாவற்றிலும் பெண்வீட்டுப் பேர் வெட்டியிருந்தது, டீ குடிக்கிற நேரம்தான் லிங்கம் நின்றான், அதற்குள் ஒரு சொம்பில்கூடப் பேர் இல்லாமல் வழுவழுவென்று திரும்பிவந்தது, பெண்வீட்டார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள, மாப்பிள்ளைவீட்டார் சந்தோஷமாகத் தங்கள் பேரை வெட்டிக்கொண்டார்கள். ஒரு கட்சியின் போஸ்டர் கட்டு வெள்ளைத்தாளாக வந்துசேர்ந்தது, அதில் ட்யூஷன் பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். ஊர் இதையும் ரசித்தது.

சம்பூரணம் மட்டும் ரசிக்கவில்லை. "போறதெல்லாம் எங்கதான் தம்பி போகுது?" என்று ஒருநாள் கபிலனைக் கேட்டாள்.

"அது படத்துலயே கிடையாதுங்கக்கா" என்றான் அவன், பெருமையாக. "லிங்கம் எந்திரிச்சா லோடு காணாமப் போகும், உக்காந்தா வந்துரும். நடுவுல எங்க இருந்துச்சுன்னு ஒரு எபிசோடுலயும் காட்டுனதில்ல. வரையற வேல மிச்சம்னு உட்டுட்டாங்க. உலகம் பூராவும் எங்களாட்டம் ஆளுங்க இன்னும் அதப்பத்திச் சண்ட போட்டுட்டு இருக்கறோம்."

"அப்ப அது வெறும் காயிதமா?"

"அப்படித்தான் வெச்சுக்கங்களே. யாரும் வரையாத எடம்."

அன்றிலிருந்து பெரியண்ணன் கயிறு கட்ட லோடு மேல் ஏறும்போதெல்லாம் அவள் கீழே நின்று, "ஏனுங்க, எறங்குங்க, அவன் எந்திரிச்சுத் தொலைக்கப்போறான்" என்பாள். "ஏறாம எப்படிப் புள்ள கயிறு கட்டறது? அங்க போனாலும் நல்லதுதான், உன்ற தொணதொணப்பு இருக்காதல்ல" என்பார் அவர். லோடுமேன்கள் சிரிப்பார்கள்.

ஆயுத பூஜை வந்தது. நாமக்கல்லில் ஆயுத பூஜை என்றால் லாரிகளுக்குத்தான் முதல் மரியாதை. கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் அப்பி, மாலை போட்டு, நான்கு மூலையிலும் வாழைக்கன்று கட்டி நிறுத்துவார்கள். பூஜை போட்ட எதையும் மறுநாள் மறுபூஜை முடிகிறவரை தொடக்கூடாது, அசைக்கக்கூடாது. சுத்தியல் அப்படியே கிடக்கும், ஸ்பேனர் அப்படியே கிடக்கும், வண்டி ஒரு அடி நகராது. மீறி எடுத்தால் வருஷம் முழுக்க ரோட்டில் ரத்தம் பார்க்கவேண்டிவரும் என்பது பேட்டையின் நம்பிக்கை, அங்கே கூடியிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியின் வீட்டு ஆளும் ரோட்டில் இருக்கிறவன்தான்.

சாயங்காலம், பூசாரி கற்பூரத் தட்டோடு வந்து நின்றபோது, அத்தப்பனுக்கு ஓர் ஆசை வந்தது. "இத்தன அழகா இருக்கறவன உக்காரவெச்சா பூச போடுவாங்க? லிங்கம், எந்திரிப்பா!" என்றார். கூட்டம் கைதட்டியது. அதுவரை யாரும் அவனைக் கேட்டதில்லை. கேட்டதும், மாலையும் சந்தனமுமாக, அவன் எழுந்தான்.

பின்மூலையில் பாடி மேலே உட்கார்ந்து வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார் பெரியண்ணன். சக்கரத்தடியில் வைக்க எலுமிச்சம்பழத்தோடு குனிந்திருந்த சம்பூரணம் மட்டும் பார்த்தாள். "அவரு மேல இருக்கறாருங்க!" என்று அலறினாள், மேளச்சத்தத்தில் அது எடுபடவில்லை. கற்பூரம் காட்டினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், மேளம் நின்றது, அப்புறம்தான் பூசாரி, "ஓனரைக் கூப்பிடுங்க, பேரு நட்சத்திரம் சொல்லணும்" என்றார்.

ஓனர் எங்கே?

"லிங்கம், உக்காருப்பா" என்றார் அத்தப்பன். லிங்கம் உட்காரவில்லை. "உக்காருப்பா, ராசா." அவன் அசையவில்லை. கண்கள் எரிந்துகொண்டிருந்தன, நெற்றியில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது, ஒரு விரல்கூட ஆடவில்லை.

பூசாரிதான் முதலில் புரிந்துகொண்டார். "பூச போட்டாச்சே. இனி நாளைக்கு மறுபூச முடிஞ்சாத்தானே அசையணும்."

கூட்டம் மலைத்துப்போய் அண்ணாந்து பார்த்தது. "பாத்தியா, நம்மூருப் பழக்கம் அவனுக்கு அத்துபடி" என்றது ஒரு குரல். "நம்மாளுங்களே பாதிப் பேரு கடைப்பிடிக்கறதில்ல" என்றது இன்னொன்று. சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சம்பூரணம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். டீ குடிக்கிற நேரத்தில் அண்டாவில் வெட்டிய பேர் போனது. ஒரு ராத்திரி முழுக்க, நாளைக் காலை வரை இருந்தால் ஒரு மனுஷனிடம் என்ன மிஞ்சும்? முதலில் மச்சம் போகும், அப்புறம் தழும்பு, அப்புறம் மூக்கு, முழி? முட்டை மாதிரி ஒரு முகத்தோடு வந்து நின்றால் அவள் யாரென்று கூட்டிக்கொண்டு போவாள்?

"ஒரு ராத்திரிதான சம்பூரணம், காலைல வந்துருவாப்ல" என்றார்கள் பெண்கள், ஆனால் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், லிங்கத்தின் சந்தனத்தை அழித்துப் பூஜையைக் கலைத்துவிடுவாளோ என்று. அழிக்க அவளுக்கும் தைரியம் இல்லை. அத்தனை வீட்டு ஆண்களின் ரத்தத்தை யார் தலையில் சுமப்பது? அவளும் அதை நம்புகிறவள்தான்.

என்ன செய்வதென்று தெரியாமல், செய்யவேண்டிய வேலையைச் செய்தாள். வண்டிக்கு உழைத்தவர்களுக்கு ஓனர் வீட்டுப் பெண் பொரி கொடுக்கவேண்டும். பொரியும் கடலையும் அவலும் நாட்டுச்சர்க்கரையும் கலந்து கட்டிய பொட்டலங்கள் தாம்பாளத்தில் இருந்தன. அழுதுகொண்டே ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். மெக்கானிக் வாங்கிக்கொண்டார், டிங்கர் வாங்கிக்கொண்டார், கபிலன் வாங்கிக்கொண்டான். அத்தப்பன் வாங்கி, கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்தார். அவருடைய மூட்டை தூக்கும் கொக்கி அவருக்குப் பக்கத்திலேயே சந்தனப்பொட்டோடு சாமி முன்னால் கிடந்தது. அதை யாரும் தொடக்கூடாது. அதைப் பிடிக்கிற கை பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தது.

சம்பூரணம் அந்தக் கொக்கியைப் பார்த்தாள், அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தாம்பாளத்திலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு லிங்கத்தின் காலடிக்குப் போனாள். அவன் கட்டைவிரல் உயரம்கூட அவள் இல்லை என்று பிற்பாடு சொன்னார்கள், அது பொய், முழங்கால் உயரம் இருந்தாள்.

"ஏப்பா லிங்கம்" என்றாள். அவ்வளவு உயரத்துக்கு எட்டியிருக்காது என்று இன்னும் சத்தமாக மறுபடி கூப்பிட்டாள். "ஏப்பா லிங்கம், உன்னய ஆயுதம்னு நெனச்சுப் பூச போட்டுட்டாங்க. தப்புப் பண்ணிட்டாங்க. நீயும் எங்க வண்டியில ஒழச்ச ஆளுதான். ஆளுக்குப் பூச இல்ல, பொரிதான். இந்தா. உக்காந்து சாப்புடு."

லிங்கத்தின் தலை கீழே குனிந்தது. பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு கை நீண்டது.

"எடது கைல பிரசாதம் வாங்கக்..." என்று ஆரம்பித்தார் பூசாரி.

சம்பூரணம் வாழ்நாளில் யாரையும் அதட்டியவள் இல்லை. "அவனுக்கு இருக்கறதே அது ரெண்டுந்தானுங்க, சாமி!" என்று அதட்டினாள்.

உருட்டுக்கட்டை மாதிரி இரண்டு விரல்கள், ஒரு பொரிகூடச் சிந்தாமல், அந்தப் பொட்டலத்தை அவள் கையிலிருந்து எடுத்தன. லிங்கம் உட்கார்ந்தான். சக்கரம் தரையைத் தொட்டது, கேபின் விரிந்தது, பின்னால் பாடி வந்தது, பாடியின் மேல் மூலையில் வாழைக்கன்றைக் கட்டிப்பிடித்தபடி பெரியண்ணன். "யாராச்சும் கயித்தப் புடிங்கப்பா, எவ்வளவு நேரமாக் கத்தறது?" என்றார்.

மூக்கு இருந்தது. முழி இருந்தது. இறங்கி வந்ததும் அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்; முன்கையில் திருவிழாவில் பச்சை குத்தியிருந்த வேல் இல்லை, வெறும் தோல். அதுபோகட்டும் என்றிருந்தது அவளுக்கு. பூசாரி கையில் பூவோடு, "ஓனரே, பேரு சொல்லுங்க" என்றார்.

பெரியண்ணன் வாயைத் திறந்தார். மூடினார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, தெரிந்த ஒன்றைச் சொல்கிற நிம்மதியோடு, "நானு சம்பூரணத்தோட வீட்டுக்காரனுங்க" என்றார்.

சிரித்தார்கள். அவர் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார்கள். அத்தப்பன் சொல்ல வாயெடுத்தார், சம்பூரணம் அவரைக் கையமர்த்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், சாமியைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், பிறகு, அத்தனை பேர் முன்னாலும், "பெரியண்ணன்" என்றாள்.

"பெரியண்ணன்" என்று அவர் சொல்லிப் பார்த்தார், புதுச் சட்டையில் கையை நுழைத்துப் பார்க்கிறவர்போல. "ஆமாமா. பெரியண்ணன். நல்ல பேருதான்."

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் கேட்டாள், "அங்க என்னங்க இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல புள்ள. பயமெல்லாம் இல்ல. உக்காரத்தான் ஒரு எடம் இல்ல."

இதற்கப்புறம் வண்டியை விற்றுவிடச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பொரியை மதித்து வாங்கிக்கொண்டவனை எப்படி விற்பது? ஆனால் பயம் பயம்தானே, அதற்கு ஏதாவது செய்யவேண்டுமே. மறுபூஜை முடிந்ததும் கபிலன் கடையில் ஒரு டப்பாப் பெயிண்டும் பிரஷ்ஷும் வாங்கிக்கொண்டு வண்டியின் பாடிக்குள் ஏறினாள். உள்பலகையில் முதலில் ஒரு கட்டில் வரைந்தாள். அதற்கு மூன்று கால்தான் தெரிந்தது, ஆடுமே என்று நான்காவதையும் வெளியே தெரிகிற மாதிரி இழுத்துவிட்டாள். பக்கத்தில் ஒரு தண்ணிப்பானை. ஒரு சொம்பு. சட்டை மாட்டிக்கொள்ள ஒரு ஆணி. கடைசியாக ஒரு கதவு, அதற்குத் தாழ்ப்பாள்.

"தாப்பா உள்பக்கமா போட்டுட்டீங்களேக்கா" என்றான் எட்டிப் பார்த்த கபிலன்.

"உள்ள இருக்கறவருதான தெறந்துட்டு வரணும்?"

அடுத்த லோடு ஏற்றுவதற்கு முன்னாலேயே லிங்கம் எழுந்து, சோம்பல் முறித்து, உட்கார்ந்தான். கபிலன் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு முகம் செத்துப்போய் வந்தான். "எல்லாம் போச்சுங்கக்கா. கட்டிலு, பானை, கதவு ஒண்ணுமில்ல. வெறும் பலகை. நான் சொல்லியிருக்கணும், அங்க போனா எதுவும் நிக்காதுன்னு."

சம்பூரணம் ஏறிப் பார்த்தாள். பலகை நேற்று அடித்ததுபோல வெறுமையாக இருந்தது. ஆயுத பூஜைக்குப் பிறகு முதல்முறையாக அவளுக்கு மூச்சுச் சீராக வந்தது.

"இங்க இல்லீன்னா அங்கதான தம்பி இருக்கும்" என்றாள். "அதுக்குத்தான வரஞ்சது."

கபிலன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான், லிங்கத்தை முதல்நாள் பார்த்தானே, அப்படி. அவள் அதைக் கவனிக்கவில்லை, அவளுக்கு வேறு ஒன்று உறுத்தியது. தண்ணீரில் தூசி விழுமே. கீழே இறங்காமல் கபிலனிடம் பிரஷ்ஷை வாங்கி, அந்த வெறும் பலகையின் நடுவில், பானைக்கு ஒரு மூடி மட்டும் வரைந்தாள்.